காலில் இரத்தக்குழாய் அடைப்பு: மருந்துச் சீட்டில் எது எதற்கு?

நீலகிரியில் ஒருவர் கால் வலி என்று சொன்னால், ஏற்றத்தில் வலிக்கிறதா இறக்கத்தில் வலிக்கிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும். இறக்கத்தில் முழங்காலைப் பிடிக்கும் வலி பெரும்பாலும் மூட்டைச் சேர்ந்தது. ஏற்றத்தில் ஒரு குறிப்பிட்ட தூரம் ஏறியதும் ஆடுசதை இறுகிப் பிடித்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிட்டு, மறுபடி ஏறினால் ஏறத்தாழ அதே தூரத்தில் மறுபடி பிடித்தால், காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மேடு ஏறும்போது தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. கொழுப்புப் படிந்து குறுகிய குழாயால் அந்தக் கூடுதல் தேவையைக் கொடுக்க முடிவதில்லை. சமவெளியில் ஒரு மைல் வலியின்றி நடப்பவருக்கும், குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து மேல் கடைவீதிக்கு ஏறும்போது வலி வந்துவிடலாம். மலையில் இருப்பவர்களுக்கு நோய் முன்னதாகவே குரல் கொடுக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தக் குரலுக்கு நம் மக்கள் தரும் பதில், ஏறுவதை விட்டுவிட்டு ஆட்டோவில் போவதும், தைலம் தேய்ப்பதும், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்குவதுமாக இருக்கிறது.

இந்த நோய்க்கு எழுதப்படும் மருந்துச் சீட்டை நோயாளியும் வீட்டாரும் எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். மருந்தாளுநராக மலையில் வேலை செய்யும் எனக்கு, இந்தச் சீட்டுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றுதான். வலியைக் குறைக்கும் மாத்திரை தவறாமல் தீர்ந்துபோகிறது. உயிரையும் காலையும் காக்கும் மாத்திரைகள் அட்டையில் அப்படியே மிச்சம் இருக்கின்றன. கால் தமனி அடைப்பு உள்ளவரின் உடலில் அதே படிவு இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் பெரும்பாலும் இருக்கும் என்பதால், அவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். அந்த அபாயத்தைக் குறைக்கும் மாத்திரைகளால் இன்றோ நாளையோ எந்தச் சுகமும் தெரியாது. அதனால்தான் அவை கைவிடப்படுகின்றன.

மாத்திரை தொடங்கும் முன்

அடைப்பு இருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் ஆண்டுக்கணக்கில் மருந்து உண்பவர்கள் இருக்கிறார்கள். உறுதி செய்யும் முதல் சோதனை எளிமையானது. படுக்க வைத்து, இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கச் செய்யும் கையளவு டாப்ளர் கருவியின் உதவியோடு கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுக்கிறார்கள். இதை ஏபிஐ என்பார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விடை 0.70. 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு, 1.00 முதல் 1.40 வரை இயல்பு. 1.40-ஐத் தாண்டினால் இரத்தம் நன்றாகப் போகிறது என்று பொருளல்ல. நெடுநாள் சர்க்கரை நோயாலும் சிறுநீரகக் கோளாறாலும் குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து, அழுத்தினாலும் அமுங்காமல் போயிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவருக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த ஓர் எண் அவருக்கு அரைப் பக்க வரலாற்றைச் சொல்லிவிடும்.

நம் மலைக்கே உரிய எச்சரிக்கை ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளின் பழங்குடி மக்களிடையே, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகை காணப்படுகிறது. அதனாலும் கால் வலி வரும், கணுக்கால் அருகே ஆறாத புண்ணும் வரும். இளம் வயதில் அத்தகைய வலியோ புண்ணோ இருந்தால், அடைப்பு என்று முடிவு கட்டும் முன் அந்த இரத்தப் பரிசோதனையையும் செய்துவிட வேண்டும். சிகிச்சை முற்றிலும் வேறு.

இரத்தத்தட்டுகள் ஒட்டாமல் காக்கும் மாத்திரை

சீட்டில் முதலில் தேட வேண்டியது ஆஸ்பிரின் அல்லது க்ளோபிடோக்ரெல். இரண்டும் இரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுப்பவை. ஆஸ்பிரின் என்றால் நாளுக்கு 75 மில்லிகிராமோ 100 மில்லிகிராமோ போதும். க்ளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம். இரண்டில் எது மேல் என்று ஒப்பிட்ட கேப்ரி என்னும் பெரிய ஆய்வு 1996-இல் வெளிவந்தது. 19,185 பேர் பங்கேற்ற அதில் ஒட்டுமொத்தமாகக் க்ளோபிடோக்ரெல்லின் நன்மை சிறிதளவே கூடுதலாக இருந்தாலும், கால் தமனி நோயோடு சேர்க்கப்பட்டவர்களைத் தனியாகப் பார்த்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்குழாய் நோயால் ஏற்படும் மரணம் ஆகியவை ஆஸ்பிரின் உண்டவர்களைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தன. வலி உள்ள கால் அடைப்புக்குப் பல மருத்துவர்கள் க்ளோபிடோக்ரெல்லை முதலில் எழுதுவதற்கு இதுவே காரணம். ஆஸ்பிரின் எழுதியிருந்தாலும் தவறில்லை.

இரண்டும் சேர்த்து எழுதியிருந்தால், ஏன் என்றும் எதுவரை என்றும் கேளுங்கள். காலில் பலூன் வைத்துக் குழாயை விரித்தபின் அல்லது அதைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் பொருத்தியபின், ஒன்று முதல் ஆறு மாதங்கள்வரை இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கெடு முடிந்தபின்னும் சீட்டு மாற்றப்படாமல், இரண்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்வதை நான் பார்த்திருக்கிறேன். இதயத்தில் ஸ்டென்ட் போன்ற வேறு காரணம் இல்லாதபோது அந்தத் தொடர்ச்சி இரத்தக்கசிவைத்தான் கூட்டும்.

இன்னொன்று, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்ஸபான். இங்கே அளவில்தான் ஆபத்து இருக்கிறது. கால் தமனி நோய்க்கு இதன் அளவு 2.5 மில்லிகிராம், காலையும் இரவும், குறைந்த அளவு ஆஸ்பிரினோடு சேர்த்து. இதயத் துடிப்புக் கோளாறுக்கும் சிரைகளில் உறைந்த கட்டிக்கும் கொடுக்கப்படுவது 10, 15, 20 மில்லிகிராம் மாத்திரைகள். பெயர் ஒன்றுதான், வேலையும் அளவும் வேறு. 2017-இல் வெளிவந்த காம்பஸ் ஆய்வும், கால் குழாய்ச் சிகிச்சைக்குப் பிந்தையவர்களைப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் வாயேஜர் ஆய்வும் இந்தச் சிறிய அளவுச் சேர்க்கையால் இதய நிகழ்வுகளும் காலுக்கு நேரும் பெருங்கேடுகளும் குறைவதைக் காட்டின. இரத்தக்கசிவு கூடுவதையும் அவை சேர்த்தே காட்டின. ஆகவே வயிற்றுப்புண் வரலாறு உள்ளவரும், மூளையில் இரத்தக்கசிவு கண்டவரும் இதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரினைப் பொறுத்தவரை, கால் அடைப்புக்காக மட்டும் அதைச் சேர்ப்பதால் நன்மையில்லை, உயிராபத்தான கசிவு கூடுகிறது என்று 2007-இல் வெளியான வேவ் ஆய்வு தெளிவாக்கிவிட்டது.

இரத்தக்கசிவு என்றதும் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி அட்டைக்கடியைப் பற்றியது. மழைமாதங்களில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாளுக்கு நாலைந்து கடி வாங்குவது புதிதல்ல. அட்டையின் உமிழ்நீரிலேயே இரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் காலுறை நனையும் அளவுக்குக் கசிவது இயல்பே. அதைக் கண்டு மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. சுத்தமான துணியை மடித்து வைத்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல், கால் மணி நேரம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கடிவாயில் சுண்ணாம்பு தடவும் பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விட வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் சுண்ணாம்பு உண்டாக்கும் வெந்த புண், அட்டைக்கடியைவிடப் பல மடங்கு கேடு செய்யும். வேலை முடிந்து வந்ததும் விரலிடுக்கு உட்பட இரண்டு காலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த காலில் கடியும் தெரியாது, கல் குத்தியதும் தெரியாது. மலம் கருந்தாராகப் போனாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, தலையில் அடிபட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல் பிடுங்கவும் சிறு அறுவைக்கும் முன்பு இந்த மாத்திரைகளைத் தாமாகவே ஐந்து நாள் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. எழுதிய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

கொழுப்பு மாத்திரை

என் அனுபவத்தில் மிக அதிகமாகக் கைவிடப்படுவது இதுதான். "கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட் வந்திருச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்று சொல்லாத மாதமில்லை. அட்டோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ கால் தமனி நோயாளிக்குக் கொடுக்கப்படுவது அறிக்கையில் உள்ள எண்ணைச் சரிசெய்வதற்காக மட்டுமல்ல. குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்திருக்கும் படிவு வெடித்துப் பிளக்காமல் நிலைப்பட்டிருப்பதற்கும் அதுவே உதவுகிறது. 2002-இல் வெளியான, 20,536 பேரைக் கொண்ட இதயப் பாதுகாப்பு ஆய்வில் கால் தமனி நோயாளிகள் மட்டும் 6,748 பேர் இருந்தார்கள். தொடக்கத்தில் அவர்களின் கொழுப்பு அளவு எதுவாக இருந்தாலும், சிம்வாஸ்டாட்டின் உண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன.

அளவையும் பாருங்கள். இந்த நோய்க்கு அறிவுறுத்தப்படுவது வீரியம் மிக்க அளவு: அட்டோர்வாஸ்டாட்டின் 40 முதல் 80 மில்லிகிராம், அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20 முதல் 40. நம் ஊரில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் ஒரே காப்ஸ்யூலில் அடைத்து வருகின்றன. விழுங்குவதற்கு வசதிதான், ஆனால் அவற்றில் அட்டோர்வாஸ்டாட்டின் 10 அல்லது 20 மில்லிகிராம் மட்டுமே இருப்பது வழக்கம். மேலும், இரட்டை மாத்திரைக் கெடு முடிந்தபின் ஆஸ்பிரினை மட்டும் கழிக்க அந்தக் காப்ஸ்யூலில் வழியில்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கச் சிறிய எழுத்தைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பது அங்கேதான் இருக்கிறது. தொடங்கி ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை அளக்க வேண்டும். அது தொடக்க அளவில் பாதிக்கு மேல் குறைந்து, 70-க்கும் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே போக வேண்டும். போகாவிட்டால் எசெட்டிமிப் 10 மில்லிகிராம் சேர்ப்பார்கள்.

இந்த மாத்திரையால் தசை வலி வருமா என்றால், சிலருக்கு வரும். அதை அடைப்பு வலியிலிருந்து பிரித்தறிய முடியும். அடைப்பு வலி நடந்தால் வந்து, நின்றால் போகும். ஸ்டாட்டின் வலி இரண்டு பக்கமும், தொடையிலும் தோளிலும், உட்கார்ந்திருக்கும்போதும் விடாமல் இருக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ பெரும்பாலோரைத் தொடரச் செய்துவிடலாம்.

இந்தப் புறக்கணிப்பு நம் மலைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரை எடுக்கப்பட்ட தேசிய நலக் கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கால் தமனி நோய் இருந்தவர்களில் ஸ்டாட்டின் உண்டவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு, ஆஸ்பிரின் உண்டவர்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு, ராமிப்ரில் போன்ற அழுத்த மாத்திரை வகைகளை உண்டவர்கள் 25 விழுக்காடு. மருத்துவ வசதி மிகுந்த நாட்டிலேயே மூன்றில் இரண்டு பேருக்கு அடிப்படை மருந்து போய்ச் சேரவில்லை. நெஞ்சில் வலி வந்தவர் பயந்து மருந்தை ஒழுங்காக உண்கிறார். காலில் வலி வந்தவருக்கு அந்தப் பயம் வருவதில்லை, பல நேரங்களில் அவருக்கு எழுதுபவருக்கும் வருவதில்லை. அதே ஆய்வில், கால் தமனி நோய் இருந்தும் இதய நோய் கண்டறியப்படாதவர்களில், இந்தத் தடுப்பு மருந்துகளில் இரண்டு அல்லது அதற்கு மேல் உண்டவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகைகள் இந்த நோயாளிகளுக்கு முதல் தேர்வு. இதயத்துக்காக, துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான் வகை மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால், அது காலைக் கெடுக்கும் என்று பயந்து நிறுத்த வேண்டாம். அந்தப் பழைய அச்சத்துக்கு ஆதாரமில்லை. சர்க்கரையில் மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) பெரும்பாலோருக்கு 7 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நல்லது.

நடப்பதற்கான மாத்திரை

சிலோஸ்டசால் என்ற பெயர் சீட்டில் இருந்தால் அதுதான் நடை தூரத்தைக் கூட்டும் மாத்திரை. இதன் வேலை அது மட்டுமே; மாரடைப்பைத் தடுப்பதற்காக இது கொடுக்கப்படுவதில்லை. இதைச் சொன்னதும், அப்படியானால் இது அவ்வளவு முக்கியமில்லை போலும் என்று எண்ண வேண்டாம். முக்குறுத்தி போன்ற காட்டுச் சரிவுகளில் வேலைக்குப் போகிறவருக்கும், பச்சைக் கொழுந்து மூட்டையைச் சுமந்து மேடேறுகிறவருக்கும் வலியின்றி இன்னும் கொஞ்சம் நடக்க முடிவது கூலியையே காப்பாற்றும் செய்தி. ஆனால் அதைச் சரியாக உண்டால்தான் பலன்.

வழக்கமான அளவு 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் அரை மணி நேரம் முன்னதாகவோ இரண்டு மணி நேரம் கழித்தோ வெறும் வயிற்றில் உண்ண வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு திடீரென ஏறி, தலைவலியும் படபடப்பும் வருகின்றன. தோட்ட வேலைக்காரர்களுக்கு நான் சொல்லும் வழி, காலையில் எழுந்ததும் பல் துலக்கிய கையோடு ஒன்றும், வேலையிலிருந்து திரும்பி முகம் கழுவியதும் ஒன்றும் உண்பது. சமையலுக்கு எப்படியும் அதன்பிறகு அரை மணி ஆகிவிடும். தொடக்க நாட்களில் தலைவலி, வயிற்றுப்போக்கு, நெஞ்சுப் படபடப்பு சிலருக்கு வரும். 50 மில்லிகிராமில் தொடங்கி ஏற்றினால் பலரும் தாங்கிக்கொள்கிறார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும், முழுப் பலனுக்குப் பன்னிரண்டு வாரம்வரை பொறுக்க வேண்டும். மூன்று மாதமாகியும் நடை தூரத்தில் மாற்றமே இல்லையென்றால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடலாம்; பலனில்லாத மாத்திரையைச் சுமந்து திரிவதில் பொருளில்லை.

யாருக்குக் கூடவே கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இதயச் செயலிழப்பு (இதயம் போதிய வலுவோடு இரத்தத்தை இறைக்காத நிலை) உள்ளவர்கள், அது எவ்வளவு லேசானதாக இருந்தாலும், சிலோஸ்டசால் உண்ணக் கூடாது. இதே வகையில் செயல்படும் மில்ரினோன் என்னும் மருந்து இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இறப்பைக் கூட்டியதுதான் இந்தத் தடைக்கு அடிப்படை. கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், மேடேறும்போது கால் வலிக்கும் முன்பே மூச்சு முட்டல் ஆகியவை இருந்தால் இந்த மாத்திரையைத் தொடங்கும் முன் இதய எக்கோ எடுத்திருக்க வேண்டும். மலையில் மூச்சு வாங்குவதை உயரத்தின் மீது பழி போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது நம் பழக்கம்; பிறந்ததிலிருந்து உதகையில் இருப்பவருக்குப் புதிதாக மூச்சு வாங்கினால் அதற்கு உயரம் காரணமல்ல. டில்டியாசெம் என்னும் இதய மாத்திரை, ஒமெப்ரசோல் என்னும் வயிற்று மாத்திரை, ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சை மாத்திரை, சளிக்கு எழுதப்படும் எரித்ரோமைசின் ஆகியவற்றோடு சேர்த்தால் சிலோஸ்டசாலின் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

பென்டாக்ஸிஃபைலின் 400 மில்லிகிராம் இன்றும் பல சீட்டுகளில் தென்படுகிறது. நடை தூரத்துக்கு அதனால் குறிப்பிடத்தக்க பலனில்லை என்பதால் இன்றைய வழிகாட்டு நெறிமுறைகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. கையிலிருக்கும் பணம் ஒரு மாத்திரைக்குத்தான் காணும் என்றால், அது இதற்குப் போக வேண்டாம், ஸ்டாட்டினுக்குப் போகட்டும்.

புகையிலையும் நடையும்

மருந்துச் சீட்டில் எழுதப்படாத இந்த இரண்டும் மாத்திரைகளுக்குச் சமமான வலுவுள்ளவை. நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஆணுக்கு, சர்க்கரையும் கொழுப்பும் இல்லாமல், பீடி குடிக்கும் பழக்கத்தோடு விரல் கறுத்துப்போனால், அது பெரும்பாலும், கைகால்களின் சிறு குழாய்கள் அழற்சியால் அடைபடும் பர்கர் நோய். புகையிலையை முழுதாக நிறுத்துவதே அந்த நோய்க்கு நிலையான சிகிச்சை. நாளுக்கு ஒரு பீடியாகக் குறைத்தாலும் நோய் நகர்ந்துகொண்டே இருக்கும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்பதற்காகப் புகைப்பதாகப் பலரும் சொல்கிறார்கள். உண்மையில் நிகோட்டின் தோலுக்கும் விரலுக்கும் போகும் சிறு குழாய்களைச் சுருக்கிக் காலை மேலும் குளிரச் செய்கிறது. விட முடியாமல் தவிப்பவர்களுக்கு மெல்லும் நிகோட்டின் பசை (சூயிங்கம்), வரெனிக்ளின், ப்யூப்ரோபியான் போன்ற உதவிகள் இருக்கின்றன, கேட்டுப் பெறுங்கள். பர்கர் நோயாளிக்கு மட்டும் நிகோட்டின் பசையும் ஏற்றதல்ல என்பதால் மற்றவற்றைக் கேட்க வேண்டும்.

நடைப்பயிற்சிக்கு மேடு வேண்டாம். உதகையில் பழைய குதிரைப் பந்தய மைதானத்தைச் சுற்றிய சாலை, மற்ற ஊர்களில் பள்ளி மைதானம் எனச் சமதளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வலி நடுத்தரமாக வரும்வரை நடந்து, நின்று, வலி முழுதும் விட்டபின் மறுபடி நடக்க வேண்டும். ஓய்வு உட்பட 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், பன்னிரண்டு வாரம். வலி வந்தால் கால் கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லை. அந்த வலிவரை போய்த் திரும்புவதுதான் பயிற்சியே. காலில் புண் இருப்பவர்களும் படுக்கையிலேயே வலி இருப்பவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

சேரக் கூடாதவை

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஆஸ்பிரினோடும் க்ளோபிடோக்ரெல்லோடும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு உண்டாகும் வாய்ப்பு பெருகுகிறது, சிறுநீரகத்துக்கும் கேடு. ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே தடுத்துவிடக்கூடும். உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் போதும். வயிற்றுக்கு மாத்திரை தேவைப்பட்டால், க்ளோபிடோக்ரெல் உண்பவர்கள் ஒமெப்ரசோலைத் தவிர்த்து பான்டோப்ரசோலைக் கேளுங்கள்; முன்னது க்ளோபிடோக்ரெல் உடலில் செயலுருப் பெறுவதைத் தடுக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின் கலந்த மாத்திரை குழாய்களைச் சுருக்குவதால் இந்த நோயாளிகளுக்கு ஆகாது.

உதகைக் கடைகளில் நீலகிரித் தைலத்தோடு சேர்த்து விற்கும் விண்டர்கிரீன் எண்ணெயில் ஆஸ்பிரினின் உறவுப்பொருளான மீதைல் சாலிசிலேட் நிறைந்திருக்கிறது. அதை ஊற்றி ஊற்றித் தேய்த்தால் தோல் வழியே உள்ளே போகும். வார்ஃபரின் உண்பவர்களுக்கு இரத்தக்கசிவு வரைக்கும் கொண்டுபோய் விட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எந்தத் தைலமும் அடைப்பைத் திறக்காது. டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் காலைக் கணப்பு அடுப்பருகே நீட்டுவதும், வெந்நீர்ப் பை வைப்பதும் இன்னும் ஆபத்து. உணர்ச்சி குறைந்த கால் வெந்தபின்தான் தெரியும். கம்பளிக் காலுறை இரண்டு போட்டுக்கொள்ளுங்கள், அது போதும். நரம்புச் சுருட்டலுக்கென்று விற்கும் இறுக்கமான காலுறையை ஏபிஐ பார்க்காமல் அணியாதீர்கள்.

உடனே கீழே இறங்க வேண்டிய நேரம்

இரவில் படுத்தால் பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறது என்றாலும், இரண்டு வாரமாகப் புண் ஆறவில்லை என்றாலும், மாத்திரையை மாற்றிப் பார்க்கும் கட்டம் முடிந்துவிட்டது. தாமதிக்காமல் இரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

திடீரென்று ஒரு கால் வெளிறி, பனிக்கட்டிபோல் குளிர்ந்து, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் அது அவசரநிலை. காலைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. உதகையிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளிலும் பர்லியாறு நெரிசலிலும் மூன்று மணி நேரம் போய்விடும், கூடலூரிலிருந்து என்றால் இன்னும் கூடுதல். எனவே 108-ஐ அழைக்கும்போதே "கால் திடீரென்று குளிர்ந்து மரத்துவிட்டது" என்று சொல்லுங்கள், எப்போது தொடங்கியது என்ற நேரத்தையும் சொல்லுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மருத்துவர் பார்த்து, தடையில்லை என்றால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டு அனுப்புவது வழக்கம். அதற்காகும் பத்து நிமிடம் வீணல்ல. பந்தலூர்ப் பக்கத்தவர்களுக்குக் கேரளத்தின் சுல்தான் பத்தேரி அருகில் என்றால், அங்கே இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் வசதி இருக்கிறதா என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். காலைத் தேய்க்காதீர்கள், சூடு வைக்காதீர்கள், தலையணையில் உயர்த்தி வைக்காதீர்கள்.

கையிருப்பு

வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் மருந்து வரத்தும் நிற்கும். அக்டோபர் பிறக்கும் முன்பே இரண்டு வாரத்துக்குக் கூடுதலான மாத்திரையை வீட்டில் வைத்திருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பை முக்கியமாக அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமானது. அதில் க்ளோபிடோக்ரெல்லும் ஸ்டாட்டினும் இருக்கின்றனவா என்று சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையில் தனியே கேட்டு வாங்க வேண்டும். வெளியே வாங்குபவர்களுக்கு 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் மூலப்பெயரில் விலை குறைவாகக் கிடைக்கும். வண்ணமும் வடிவமும் மாறியிருந்தாலும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் பொருந்தினால் தயங்காமல் உண்ணலாம்.

எல்லாமே தீர்ந்து, சாலையும் அடைபட்டு, சிறு கடை ஒன்றுதான் திறந்திருக்கிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது க்ளோபிடோக்ரெல் அல்லது ஆஸ்பிரின். அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர் இதில் ஒரு நாள்கூட இடைவெளி விடக் கூடாது. அடுத்தது அழுத்தமும் சர்க்கரையும், அதற்கடுத்தது ஸ்டாட்டின். சிலோஸ்டசால் சாலை திறக்கும்வரை காத்திருக்கலாம். அந்த நாட்களில் மேடேறாமல் இருந்தால் போதும்.